சேதமான வேலி: பழுதுபார்க்கும் நாள் வரை பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி?

முழுதாகத் தரையில் விழுந்துவிட்ட வேலியைவிட, விழாமல் சாய்ந்து நிற்கும் வேலிதான் அதிக ஆபத்து. விழுந்தது விழுந்துவிட்டது. சாய்ந்து நிற்பதன் எடையையும் இழுப்பையும் இன்னும் ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது. அது எது என்று தெரியாமல் கை வைத்தால் காயம் நேரும். அதனால் முதல் வேலையைக் கண்ணால் செய்யுங்கள்.

படி 1: மின்சாரம் இருக்கிறதா?

10 மீட்டர் தள்ளி நின்று வேலியின் இரு முனைகள் வரை பாருங்கள். அறுந்த மின்கம்பி, கேட் விளக்கின் ஒயர், மோட்டாருக்குப் போகும் கேபிள் ஆகியவற்றில் ஏதாவது வேலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? கம்பிவலையும் முள்கம்பியும் உலோகம் என்பதால், ஒரு முனையில் பாயும் மின்சாரம் மறுமுனை வரை வந்துவிடும். சேதம் அந்தக் கோடியில்தானே என்று இந்தக் கோடியைத் தொடக் கூடாது.

வீட்டு ஒயர் என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்வேலி என்றால் அதற்கு மின்சாரம் தரும் கருவியை அணையுங்கள். தெருக் கம்பி என்றால் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை யாரையும் கிட்டே விடாதீர்கள். தெரியாமல் நெருங்கிவிட்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களும் ஒன்றையொன்று ஒட்டியபடி, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி விலகுங்கள். தரையில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால், காலை அகட்டி வைத்தால் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே மின்சாரம் இறங்கும்.

டெஸ்டரை வைத்துப் பார்த்து 'எரியவில்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். வெயிலில் அந்தச் சிறு வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது.

படி 2: விறைப்பாக நிற்கும் கம்பியைக் கண்டுபிடியுங்கள்

முள்கம்பி வேலியில் மூலைக் கம்பங்களே இழுப்பைத் தாங்குகின்றன. நடுவில் இரண்டு கம்பங்கள் சாய்ந்தாலும் கம்பி தளராமல் இருக்கலாம். மரக்கிளை விழுந்து அழுத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பி வில்லின் நாண் போல ஏறி நிற்கும். கிளையைத் தூக்கினால் அது நேராக முகத்துக்கு எகிறும். ஆகவே கிளையை இழுக்கவும் வேண்டாம், கம்பியை வெட்டவும் வேண்டாம். வெட்டுபட்ட முள்கம்பி சுருண்டு திரும்பும்போது கையால் தடுக்க நேரம் இருக்காது. கம்பி வளைந்திருந்தால் அந்த வளைவின் உட்பக்கம் நிற்காதீர்கள். அறுந்தாலோ விடுபட்டாலோ கம்பி அந்தப் பக்கம்தான் பாயும்.

படி 3: வேலி விழக்கூடிய இடத்தைச் சுற்றித் தடுப்பு கட்டுங்கள்

வேலியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தை, சாயும் பக்கம், எதிர்ப்பக்கம் இரண்டிலும் ஒதுக்குங்கள். 5 அடி வேலிக்கு ஏழரை அடி. அந்த எல்லையில் 6 அடிக்கு ஒரு முளை அடித்து, 4 அடி உயர ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலையைக் கட்டுங்கள். முளை அடிக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயோ கேபிளோ புதைந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வெறும் கயிறு போதாது. குழந்தை அதன் அடியில் நுழைந்துவிடும், பெரியவர்களுக்கு இருட்டில் கால் தடுக்கும். தார்ப்பாயும் வேண்டாம். அது காற்றைப் பிடித்து முளையையே பிடுங்கிவிடும். சாய்ந்த வேலியின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினால் வேலியே விழும்.

வேலிக்கு அப்பால் கிணறோ குளமோ நீச்சல் தொட்டியோ இருந்தால் பிளாஸ்டிக் வலையை நம்பாதீர்கள். அன்றைக்கே விறைப்பான சட்டங்களை வைத்து அடையுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. ஏறுவதற்கு வசதியாக நாற்காலி, பூந்தொட்டி எதையும் பக்கத்தில் விடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அவசரம்.

படி 4: முட்டுக் கொடுக்கலாமா?

மரவேலி, 5 அடிக்கு மேல் போகாதது, மின்சாரமோ விறைத்த கம்பியோ இல்லாதது என்றால் மட்டும் யோசியுங்கள். மரக்கம்பம் பெரும்பாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்தில்தான் மக்கும். பக்கவாட்டில் நின்று, நீளமான கம்பால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அடி ஆடினால் முட்டு வேண்டாம், எல்லையை மட்டும் காப்பாற்றுங்கள்.

ஆடவில்லை என்றால் சாயும் பக்கத்தில், கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் 5 அடிக் கட்டையை 45 பாகைச் சாய்வில் ஊன்றி, அதன் அடி நழுவாதபடி ஒன்றரை அடி ஆழம் முளை அடியுங்கள். வேலியை நிமிர்த்த முயலாதீர்கள். மக்கிய அடி அப்போதுதான் முறியும். 4 அங்குலச் சதுரமும் 7 அடி நீளமும் உள்ள கான்கிரீட் கம்பம் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அதற்கு முட்டுக் கொடுப்பது புதியவர்களின் வேலை அல்ல.

படி 5: சிதறிக் கிடப்பவை

கெட்டி அடிப்பாகம் உள்ள மூடிய காலணி, தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். எல்லைக்கு வெளியே கிடப்பவற்றை மட்டும் எடுங்கள். கையை விடும் முன் நீண்ட கம்பால் தட்டிப் பாருங்கள். குவிந்த பலகைக்கு அடியில் பாம்பும் தேளும் குளவியும் தங்கும். ஆணி இருக்கும் பக்கம் கீழே வரும்படி அடுக்குங்கள். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு என்றால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தை எரிக்காதீர்கள், புகை நச்சு.

ஆணி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படி 6: தினமும் ஒரு படம்

வேலியின் அருகே போகத் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, கம்பத்தின் உச்சி பின்னால் இருக்கும் ஜன்னலோடோ சுவரோடோ எங்கே ஒத்துப்போகிறது என்று தெரியும்படி படமெடுங்கள். மழைக்கும் பலத்த காற்றுக்கும் பிறகு மறுபடி எடுங்கள். உச்சி நகர்ந்திருந்தால் வேலி இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறது. எல்லையை இன்னும் 3 அடி தள்ளி வையுங்கள். பழுதுபார்ப்பவர் வந்ததும், வேலியில் கை வைக்கும் முன் இந்தப் படங்களை அவரிடம் காட்டுங்கள்.