பழைய ரெட்மி நோட் 4-ல் லினியேஜ் ஓஎஸ் ஏற்றுவது

2017-ல் வந்த ரெட்மி நோட் 4 எங்கள் கும்பகோணம் பக்கம் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டு 7-ஓடு நின்றுவிட்டது. புது குரோம் அதில் ஏறாது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் (பல தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் அமைப்பு) வைத்திருக்கும் மூலச் சான்றிதழ் தெரியாததால் பல தளங்கள் எச்சரிக்கை காட்டி மறிக்கும். அப்பா மேட்டூர் நீர்மட்டம் பார்க்கக் கேட்டபோதுதான், பழைய போன்களுக்குப் புது ஆண்ட்ராய்டு தரும் இலவச மென்பொருளான லினியேஜ் ஓஎஸ்ஸை இதில் ஏற்றும் வேலையில் இறங்கினேன்.

போட்டோ, தொடர்பு எண்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். வேறு மென்பொருள் ஏறாதபடி கம்பெனி போட்ட பூட்டைத் திறப்பதுதான் அன்லாக், அதைச் செய்தால் எல்லாம் அழியும்.

செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷனில் 'ஓஇஎம் அன்லாக்' போட்டு, மி கணக்கை (ரெட்மி கம்பெனியான ஷாவ்மியின் கணக்கு) சேர்த்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்து சிம் டேட்டாவில் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் மி அன்லாக் கருவி பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். காத்திருங்கள். பொறுமையில்லாமல் மி கணக்கைத் திரும்பச் சேர்த்தால் காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஓடும். 'ஒரே கிளிக்' கருவிகள் எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து வால்யூம் கீழ், பவர் இரண்டையும் அழுத்தினால் தொப்பி போட்ட முயல் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட், கணினியிலிருந்து போனில் மென்பொருள் எழுதும் நிலை. போனைக் கேபிளால் கணினியில் இணைத்து, அங்கே டிடபிள்யூஆர்பி ரெகவரியை (புது மென்பொருளை ஏற்ற உதவும் தனித் திரை) ஏற்றுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். ஏற்றியதும் போனைச் சாதாரணமாக ஆன் செய்தால் பழைய மென்பொருள் தன் ரெகவரியைத் திரும்ப எழுதிவிடும். செய்த வேலை வீண். கேபிளைப் பிடுங்கி, வால்யூம் மேல், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மி லோகோ வந்ததும் பவரை மட்டும் விடுங்கள், வால்யூமை விடாதீர்கள். நேராக டிடபிள்யூஆர்பி திறக்கும்.

உள்ளே 'ஃபார்மட் டேட்டா'வில் யெஸ் என்று டைப் செய்யுங்கள். வெறும் வைப் (சாதாரண அழிப்பு) போதாது, பழைய என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டும் குறியாக்கம்) போகாது. அப்புறம் மெமரி கார்டிலிருந்து மிடோ (இந்தப் போனின் குறிப்பெயர்) என்ற பெயருள்ள ரோம், அதாவது லினியேஜ் ஓஎஸ் கோப்பு, அதன் மேலேயே கூகுள் ஆப்ஸ் ஏற்றுங்கள். நான் சின்ன தொகுப்புதான் போடுவேன், 3 ஜிபி ரேமுக்கு அதுவே அதிகம். கரண்ட் போகும் ஊர் நம்முடையது. போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: மன்னார்குடி நண்பர் ஒருவர் போனை ஒருமுறை ஆன் செய்துவிட்டு அப்புறம் கூகுள் ஆப்ஸ் போட்டிருக்கிறார், செட்டப் திரும்பத் திரும்ப நின்றுபோகிறதாம். ஃபார்மட்டிலிருந்து மறுபடி செய்யுங்கள். கணினியில் போனே தெரியவில்லை என்றவர்கள் நீல நிற யூஎஸ்பி துளையை விட்டு கருப்புத் துளையில் செருகிப் பாருங்கள். சில வங்கிச் செயலிகள் இதில் திறக்காது, அதற்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள்.