கொலஸ்ட்ரால் மாத்திரையோடு நீர் மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் என்று இரண்டையும் சாப்பிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் ஒத்துப்போகும். டாக்டர்களும் தெரிந்தேதான் சேர்த்து எழுதுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுத்ததும் ஸ்டாடினை நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. ஸ்டாடினால் தசைவலி வரலாம், உண்மைதான். ஆனால் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்யூரோசமைடு போன்ற நீர் மாத்திரைகள் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இறங்கினால் தசை சோர்ந்துபோகலாம், பிடித்து இழுக்கலாம். இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். குற்றவாளி யார் என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கேட்டுப் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சிகே (தசை சேதத்தைக் காட்டும் நொதி) பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சிகே சரியாக இருந்தாலும் வலிக்கு ஸ்டாடின் காரணமாக இருக்கலாம் என்பதால், முடிவை அவரிடமே விடுவது நல்லது.

சரி, பொட்டாசியம்தானே குறை என்று நாமாகவே அந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது இதைவிட ஆபத்து. ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு இரண்டும் நீர் மாத்திரைகள்தான்; ஆனால் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைப்பவை. அளவுக்கு மீறி ஏறினாலும் இதயத்துக்குத்தான் கேடு.

வாந்தி பேதி வந்த நாளிலும் வழக்கம்போல நீர் மாத்திரையைப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்த நேரத்தில் ஸ்டாடினால் தசை சிதையும் அபாயமும் கூடும். இது அரிதுதான். இருந்தாலும் கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொலஸ்ட்ராலுக்குக் கொலஸ்டிரமைன் பொடி குடிப்பவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அது ஹைட்ரோகுளோரோதயசைடைக் குடலிலேயே பிடித்துவைத்து, உடம்பில் சேரும் அளவை 85 சதவீதம் வரை குறைத்துவிடும். நீர் மாத்திரையைப் பொடிக்கு 4 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள்.

அப்புறம் சர்க்கரை. தயசைடு வகையும் ஸ்டாடினும் தனித்தனியாகவே அதைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. அதற்காக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் போதும்.