ஃப்ளை கட்டப் பழகுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

காசிமேட்டில் தூண்டில் முள் விற்கிற கடையில் முதல்முறை ஃப்ளை பற்றிக் கேட்டபோது, "இறாலக் கோத்துப் போட்டா வேலை முடிஞ்சுது, கோழி இறகு எதுக்குத் தம்பி?" என்று சிரித்தார் கடைக்காரர். நியாயமான கேள்வி. முள்ளின் மேல் நூலால் இறகும் முடியும் கட்டி, பூச்சி போலவோ பொடிமீன் போலவோ ஆக்குவதுதான் ஃப்ளை. அதை வைத்து எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கொடுவாவை ஏமாற்றும் ஆசை வந்துவிட்டால் லேசில் போகாது.

சறுக்கல் முள் அளவிலேயே தொடங்கும். எண் கூடக் கூட முள் சிறுக்கும். 14-ஐ விட 4 பெரியது. 1-ஐத் தாண்டினால் கணக்கு தலைகீழ்: 1/0-வை விட 2/0 பெரியது. வீடியோவில் மலையாற்று ட்ரவுட் மீனுக்குக் கட்டுவதைப் பார்த்து 14 வாங்கிவிடாதீர்கள். கழிமுகத்துக்கு 1 அல்லது 1/0 சரி, கை பழகவும் பெரிய முள்தான் சுலபம். உப்புத் தண்ணீர் என்பதால் ஸ்டெயின்லெஸ் முள்ளாகப் பாருங்கள்.

எல்லாரும் விழுகிற குழி, முள்ளின் கண், அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கிற ஓட்டை. நூலைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டே போய்விடுவோம். கடைசி முடிச்சுக்கு இடமிருக்காது, நரம்பும் நுழையாது. என் முதல் ஐந்தாறு ஃப்ளையின் கண்ணை ஊக்கால் குத்திக் குத்தித்தான் திறந்தேன். கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அளவு இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தையல் நூல் தடிமன் என்பதால் தலை சீக்கிரம் பருத்துவிடும். கிடைக்கிறதில் மெல்லியதாக எடுங்கள். வேண்டுமென்றே நாலைந்து தடவை அறுத்துப் பாருங்கள், எவ்வளவு இழுக்கலாம் என்பது விரலுக்குப் பிடிபடும்.

அடுத்தது, முடியை அள்ளி வைப்பது. வெளிநாட்டுக் குறிப்புகளில் மான் வால் முடி என்றிருக்கும். இங்கே மான் முடியைத் தேடி அலைந்தால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வண்ணாரப்பேட்டையில் கிடைக்கும் நைலான் சவுரியே போதும். அதுவும் தீக்குச்சி கனத்துக்குத்தான். கையில் பார்க்கும்போது சோனியாகத் தெரியும். பக்கெட் தண்ணீரில் முக்கி இழுத்தால் நெத்திலி மாதிரி நெளியும். கட்டைவிரல் கனத்துக்கு வைத்தால் நனைந்த துடைப்பம்தான். மேசையில் அழகாக இருப்பதை நம்பாதீர்கள், பக்கெட்டை நம்புங்கள்.

ஃப்ளைக்கு மீன் கண் மாதிரி வைக்க, வாஷ்பேசின் மூடியின் மணிச் சங்கிலியில் இரண்டு மணி வெட்டிக்கொள்ளலாம். முள்ளின் வெறும் கம்பியில் கட்டினால் சுழன்றுவிடும். முதலில் நூல் படுக்கை, அப்புறம் எட்டு போலக் குறுக்குச் சுற்று. மணியை முள்ளின் முதுகில் கட்டுங்கள். அந்தக் கனத்தால் தண்ணீரில் ஃப்ளை குப்புறப் புரண்டு, கூர் மேலே பார்க்கும், கருங்கல்லில் அவ்வளவாகச் சிக்காது.

கோழிக்கடை இறகைச் சோப்பில் அலசி, நன்றாகக் காயவைத்து, அந்துருண்டையோடு மூடி வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் உங்களையும் சேர்த்து வெளியே வைப்பார்கள்.

பத்து வகை வேண்டாம், ஒரே வகையைப் பத்துத் தடவை கட்டுங்கள். கடைசி முடிச்சின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். நான் பொறுக்காமல் அரை மணியில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது வீச்சில் சவுரி தனியாக மிதந்து போனது, முள் மட்டும் திரும்பி வந்தது.