எட்டுக் காசும் ஒரு மைலோ டின்னும்: பிள்ளையின் நிறம் அமையும் விதம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், தூங்கும் குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து நிறத்தைக் கணிக்கும் அத்தைமார் இன்னும் இருக்கிறார்கள். மடல் கறுத்திருந்தால் போதும், "குங்குமப்பூப் பால் குடிக்கவில்லையா?" என்று தாயைப் பிடித்துக்கொள்வார்கள். பெற்றவளைக் குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடிவதில்லை. குங்குமப்பூவுக்கும் பிள்ளையின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. என் டியூஷன் பிள்ளைகளுக்கு இதை நான் காசு வைத்துத்தான் விளக்குகிறேன். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

நான்கு பத்து சென், நான்கு இருபது சென், காலி மைலோ டின், அழியாத மைப் பேனா, ஒரு கூடை ரப்பர் விதை. பத்து சென் தாய்க்கு, இருபது சென் தகப்பனுக்கு. ஒவ்வொரு காசும் ஒரு மரபணு. அதன் இரு பக்கங்கள் அந்த மரபணுவின் இரு பிரதிகள். எல்லாக் காசிலும் ஒரு பக்கத்தில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளி, நிறத்தைக் கூட்டும் பிரதி. ஆக, தாய்க்கும் தகப்பனுக்கும் எட்டில் நான்கு புள்ளி, இருவரும் மாநிறம்.

காசுகளை டின்னில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். மேலே தெரியும் பக்கம்தான் பிள்ளைக்குப் போகிறது. புள்ளிகளை எண்ணுங்கள்: ஒரு பிள்ளை பிறந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் 0 முதல் 8 வரை எழுதி, வந்த எண்ணுக்கு மேல் ஒரு விதை வையுங்கள். பொறுமையாகத் தொடருங்கள், பத்துப் பிள்ளைகளோடு நிறுத்தினால் ஒன்றும் புரியாது.

போகப்போக நடுவில் விதைகள் குவியும். காசுகள் விழக்கூடிய 256 விதங்களில் 70 விதங்கள் நான்கு புள்ளி தருகின்றன. எட்டுக்கு ஒரே விதம், பூஜ்யத்துக்கும் ஒரே விதம். ஆனாலும் ஏழு வரும், ஒன்றும் வரும். ஏழு விழும்போது நிறுத்திப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: மாநிறப் பெற்றோருக்குக் கறுத்த பிள்ளை பிறந்ததே, இதில் தாய் செய்தது என்ன? அத்தைமாரும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தொடர்ந்து மூன்று முறை ஆறுக்கு மேல் வந்தால், "அடுத்தது வெள்ளையாகத்தான் பிறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். காசுக்கு முந்தைய வீச்சு நினைவில் இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குலுக்கல் புதிது.

பிறகு தாயின் இரண்டு காசுகளில் இரு பக்கமும் புள்ளி வைத்து மறுபடி ஆடுங்கள். குவியல் மேலே நகரும். அந்த இரண்டு காசுகளில் மட்டும் தற்செயலுக்கு இடமில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வெயிலில் கறுத்த தாய்க்குக் கூடுதல் புள்ளி வைக்காதீர்கள். வெயில் கொடுத்த நிறம் பிள்ளைக்குப் போவதில்லை.

உண்மையில் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் நான்கைவிட மிக அதிகம். எல்லாவற்றுக்கும் ஒரே பலமும் இல்லை. 2005-இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது தெரியவந்த எஸ்எல்சி24ஏ5 அவற்றில் பலமான ஒன்று. உயரத்தோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளோ 12,000-க்கும் மேல் என்று 2022-இல் கண்டார்கள்.

மரபணுவால் மட்டுமே தீர்மானமாகும் குணத்துக்கு நாக்கைச் சுருட்டுவதை உதாரணமாகக் காட்டாதீர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாமல் போவதை 1952-இலேயே கண்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இரட்டையர் தெரிந்த வீட்டில் இருந்தால், இருவரின் கட்டைவிரலிலும் மை தடவித் தாளில் பதித்து, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். மரபணு ஒன்றாக இருந்தும் ரேகை அச்சாக ஒத்துப்போகாது. கருவில் விரல் வளரும்போது ஏற்படும் சிறு வேறுபாடுகள் அதைத் தனித்தனியாக வரைந்துவிடுகின்றன.