ஓநாய்ப் புத்தகத்தை வகுப்பில் படிப்பது எப்படி? முதல்முறை எடுக்கும் ஆசிரியர்களுக்கு

கனடாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவட்டின் ‘நெவர் க்ரை வுல்ஃப்’ புத்தகத்தைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். வடக்கே ஓநாய்களைக் கவனிக்கப் போன அனுபவத்தை அவர் சொல்லும், 1963இல் வெளிவந்த நினைவுக்குறிப்பு. சின்னப் புத்தகம், சிரிக்க வைக்கும், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். ஆனால் எதை முதலில் சொல்கிறோம், எதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்பதில்தான் இந்தப் பாடமே இருக்கிறது. நான் போகும் வரிசை இது.

படி 1: திறப்பதற்கு முன் ஒரு பக்கம்

ஓநாயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் பத்து நிமிஷம் எழுதச் சொல்லுங்கள். திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமி வருவாள், மூன்று பன்றிக்குட்டிகள் வரும். தமிழ் வீட்டுப் பிள்ளை இருந்தால் ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயும் வரும். தலைப்பையும் அப்போதே விளக்கிவிடுங்கள். நாம் ‘புலி வருது’ என்று சொல்லும் கதையில், ஆங்கிலத்தில் அந்தப் பையன் கத்துவது ஓநாய் வருகிறது என்று. மோவட் தொடுவது அந்தக் கதையைத்தான்.

படி 2: வரைபடம்

இதற்கு ஒரு கால் மணி நேரம் போதும். கதை நடக்கும் இடத்தைக் காட்டுங்கள்: வட கனடாவில் ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே, அன்று கீவாட்டின் என்ற பகுதி, இன்று நூனவுட். மரமே இல்லாத துந்திர வெளி. கரிபூ மான்கள் குறைந்துகொண்டே போகின்றன, ஓநாய்தான் காரணம் என்று பேச்சு. அதை ஆராய 1948இல் மோவட் அரசின் வனவிலங்குத் துறைக்காக அங்கே போகிறார்.

படி 3: நோட்டில் நடுவே ஒரு கோடு

இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. படிக்கப் படிக்க இரண்டையும் நிரப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கத் தடுமாறுவார்கள். அதனால் ஒரு காட்சியை நீங்களே கரும்பலகையில் செய்து காட்டுங்கள். நான் எடுப்பது எல்லை போடும் காட்சி.

மோவட் தன் கூடாரத்தைச் சுற்றி மூன்று ஏக்கர் அளவுக்கு ஓநாய் மாதிரியே சிறுநீரால் எல்லை போடுகிறார். கூடாரத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து தேநீர் குடித்து, இரவில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. ஜார்ஜ் என்று அவர் பெயர் வைத்த ஆண் ஓநாய் வருகிறது, மோப்பம் பிடிக்கிறது, அவரைப் பார்க்கிறது. பிறகு அவர் போட்ட அடையாளம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டுக்கொண்டே கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடுகிறது.

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் கேளுங்கள்: இடப்பக்கம் என்ன எழுதுவது? ஓநாய் வந்தது, முகர்ந்தது, சிறுநீர் கழித்தது, போனது. அவ்வளவுதான். ‘ஜார்ஜ் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது’ என்று யாராவது சொன்னால் அது வலப்பக்கத்துக்குப் போக வேண்டும். ‘ஜார்ஜ்’ என்ற பெயரே எந்தப் பக்கம் என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். அன்று மீதி வகுப்பு நேரம் முழுக்க அந்த ஒரு கேள்விக்கே போனது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

படி 4: எலி

கோடையில் ஓநாய் எலி தின்றே சமாளிக்கிறது என்கிறார் மோவட். பெரிய உடம்புக்கு எலி போதுமா என்று பார்க்கத் தானும் எலி சமைத்துத் தின்கிறார். அருவருப்புச் சத்தம் அடங்கட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: மனிதன் எலி தின்று பிழைத்தான் என்பது ஓநாயைப் பற்றி எதை நிரூபிக்கிறது?

படி 5: கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்துங்கள்

பிள்ளைகள் அந்த ஓநாய்க் குடும்பத்தோடு ஒன்றிப்போன நேரத்தில் சர்ச்சையைச் சொல்லுங்கள். கரிபூ ஆய்வில் மோவட்டுக்கு மேலதிகாரியாக இருந்த பான்ஃபீல்ட், 1964லேயே இந்தப் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1996இல் ‘சாட்டர்டே நைட்’ இதழில் ஜான் கொடார்ட் என்ற பத்திரிகையாளர், மோவட் தனியாகப் போனதாக எழுதியதும் ஓநாய்களோடு கழித்ததாகச் சொன்ன காலமும் சரியில்லை என்று எழுதினார். துந்திர ஓநாய்க்கு முக்கிய இரை கரிபூதான் என்பதே உயிரியலாளர்களின் நிலை. அதே சமயம், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம் என்று மோவட் காட்டியதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் கோபம் வரும். “அப்போ எங்களை ஏமாத்திட்டாரா?” சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போகட்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் ஓநாயை நேசிக்க மாட்டார்கள். சொல்லாமலே விட்டாலோ, நாம்தான் ஏமாற்றுகிறோம்.

படி 6: மறுநாள், கடைசி அத்தியாயம்

இதை நீங்களே வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ஓநாய்களின் குகை காலி என்று நம்பி, மங்கிப்போன டார்ச்சோடு மோவட் உள்ளே தவழ்ந்து போகிறார். வெளிச்சத்தில் நான்கு பச்சைப் புள்ளிகள். ஏஞ்சலின் என்ற தாய் ஓநாயும் ஒரு குட்டியும், பயந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஓநாய் பொல்லாதது அல்ல என்று புத்தகம் முழுக்கச் சொன்ன மனிதருக்கு, அந்த நிமிஷம் வருவது பயம், வெறி. கையில் துப்பாக்கி இருந்திருந்தால் இரண்டையும் கொல்லப் பார்த்திருப்பேன் என்று அவரே எழுதுகிறார்.

வாசித்து முடித்ததும் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் ‘நான்கு பச்சைப் புள்ளிகள்’ என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். வலப்பக்கத்துக்கு முன் ஒரு கேள்வி கொடுங்கள்: கணக்கை மிகைப்படுத்தியதாகச் சொல்லப்படும் ஆள், இதை ஏன் மறைக்கவில்லை? மணி அடிக்கும்வரை எழுதட்டும். முதல் நாள் வாங்கி வைத்த பக்கத்தை அவர்கள் வெளியே போகும்போது கையில் கொடுங்கள்.