விமானியாக இருந்து அமைச்சரானவர்: கொடி நாள் மேடைக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

டிசம்பர் 7 கொடி நாள் விழாவில் "பல பதக்கங்கள் பெற்ற வீரர், பின்னாளில் அமைச்சர்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசிவிட்டு இறங்குவது வேறு ஊரில் எடுபடலாம். வேலூர்ப் பக்கம் எடுபடாது. பட்டாளத்துக்கு ஆட்களை அனுப்பியே பேர் வாங்கிய கம்மவான்பேட்டையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்காரும் பெரியவர்களுக்கு எந்தப் பதக்கம் எதற்கு என்று தெரியும்.

முதலில் பெயர். பட்டாளத்தில் இருந்த பெயரும் அரசியலில் அறிந்த பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. விமானப்படை விமானியாக இருந்து மத்திய அமைச்சரான ராஜேஷ் பைலட்டின் இயற்பெயர் ராஜேஷ்வர் பிரசாத். விமானப்படைக் காலத்து ஆவணத்தில் "பைலட்" என்று தேடினால் ஒன்றும் சிக்காது.

அடுத்து பதக்கம். பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றும் போரில் காட்டிய வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள் எதிரியோடு நேரடிப் போர் இல்லாத இடத்து வீரத்துக்கு. பரம் விசிஷ்ட சேவா பதக்கம் பெயரில் பெரிது. ஆனால் அது சிறந்த சேவைக்கு, வீரத்துக்கு அல்ல. பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் பதக்கம் எல்லாம் 1971 போர்க்காலப் பணிக்காக ஆயிரக்கணக்கானோருக்குத் தரப்பட்டவை. மார்பில் எட்டு ரிப்பன் (பதக்கத்தைக் குறிக்கும் வண்ணப் பட்டை) இருந்தால் எட்டு வீரச் செயல் என்று எழுதிவிடாதீர்கள். எட்டில் ஒன்றுகூட வீர விருதாக இல்லாமல் போகலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

வீர விருது என்றால் அரசிதழ் அறிவிப்பைப் பாருங்கள். விருதோடு வரும் விவரக்குறிப்பில் எந்த நாள், என்ன செயல் என்று இருக்கும். செயல் நடந்த நாளும் விருது அறிவித்த நாளும் வேறு வேறு. டிசம்பர் 1971-இல் நடந்ததற்கு அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பழைய புகைப்படம் கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிறகுச் சின்னமும் ரிப்பன்களும் அணிந்தவரின் இடது மார்பில், அதாவது படத்தைப் பார்க்கும் நமக்கு வலப்பக்கம் இருக்கவேண்டும். மாறியிருந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கிறது. இரட்டைச் சிறகு இருந்தால்தான் விமானி. ஒற்றைச் சிறகு நேவிகேட்டர் (விமானத்தில் வழி கணிப்பவர்) போன்றவர்களுக்கு. ரிப்பன் வரிசையை மேலிருந்து, நமக்கு இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும்; உயர்ந்தது முதலில். வீர் சக்ரா ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. கறுப்பு வெள்ளைப் படத்தில் இதை நம்பி முடிவு கட்டவேண்டாம், அரசிதழோடு ஒத்துப்பாருங்கள்.

பதவிப் பெயரில் "கேப்டன்" ஆளைக் கவிழ்க்கும். தரைப்படைக் கேப்டனுக்குச் சமம் விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். ஸ்குவாட்ரன் லீடர் மேஜருக்கும், விங் கமாண்டர் லெப்டினன்ட் கர்னலுக்கும், குரூப் கேப்டன் கர்னலுக்கும் சமம். கடற்படைக் கேப்டனும் கர்னல் நிலைதான். அரக்கோணம் ராஜாளி தளத்தில் பறப்பவர்கள் கடற்படைக்காரர்கள் என்பதால், அவர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கு கட்டாயம் தேவை. எழுதும்போது பதவி பெயருக்கு முன்னால், விருது பெயருக்குப் பின்னால்.

அரசியல் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம், ஆனால் தேதி பிசகக்கூடாது. பணியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியாது. அதனால் விலகிய ஆண்டு முதலில், தேர்தல் பிறகு: ராஜேஷ் பைலட் 1979-இல் விமானப்படையை விட்டார், 1980-இல் பரத்பூரில் வென்றார். இணை அமைச்சரா, தனிப்பொறுப்புள்ள இணை அமைச்சரா, கேபினட் அமைச்சரா என்பதைப் பிரித்து எழுதுங்கள். மக்களவை இணையதளத்தின் முன்னாள் உறுப்பினர் பக்கத்தில் இந்த விவரம் இருக்கும். அவையில் உறுப்பினராக இல்லாமலே அமைச்சரானவர் என்றால், 6 மாதத்துக்குள் எந்த அவைக்கு வந்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.