குளவிகளை இரையாக்கும் உயிரினங்களுக்குத் தோட்டத்தில் இடமளிப்பது எப்படி?

குளவிகளுக்கு இயற்கை எதிரிகள் பல உண்டு. ஆனால் அவை அனைத்தும் ஒரே விதமாகப் பயன்படுவதில்லை. பறந்து திரியும் குளவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பவை ஒரு வகை. கூட்டையே பிரித்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பவை மற்றொரு வகை. ஒரு குளவிக் கூட்டத்தின் பலம் அதன் அறைகளில் வளரும் புழுக்களில் இருப்பதால், உண்மையான சேதத்தை விளைவிப்பவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. அவற்றை நாம் விரும்பியபடி வரவழைக்க முடியாது. முதல் வகைக்கு மட்டுமே தோட்டத்தில் வசதி செய்து கொடுக்க முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

எந்த வேலையையும் தொடங்குமுன் கூடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாசல், சன்னல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் கூடு இருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் கொட்டினால் மூச்சுத்திணறல் வரும் அளவுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, பறவைகளை நம்பிக் காத்திருப்பது தவறு. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அக்கூட்டை அகற்றிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் உயரமான கிளையில் தொங்கும் கூடு வேறு. கம்பளிப்புழுக்களைப் பிடித்துச் செல்லும் குளவிகள் அங்கே நமக்கு உதவியும் செய்கின்றன.

முதல் வகையில் குறிப்பிடத்தக்கது பஞ்சுருட்டான் என்னும் பறவை. பறக்கும் குளவியை அலகால் கவ்வி, தான் அமரும் கொம்பில் அடித்துக் கொன்று, வயிற்றின் நுனியை அதே கொம்பில் தேய்த்து நஞ்சை வெளியேற்றிய பிறகே அது விழுங்குகிறது. இந்தப் பழக்கத்திலிருந்தே நாம் செய்ய வேண்டியது தெரிந்துவிடும்: சுற்றிலும் திறந்தவெளி உள்ள உயரமான வெற்றுக் கொம்புகள் அதற்குத் தேவை. ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை வெட்டாமல் விடலாம். அது இல்லையெனில் ஒரு கழியை நட்டு வைக்கலாம். கரிச்சானும் கீச்சானும் அதே கொம்பைப் பயன்படுத்தும். பஞ்சுருட்டான் செங்குத்தான மண்சரிவுகளிலும் மணற்பாங்கான தரையிலும் வளை தோண்டி முட்டையிடுவதால், அத்தகைய இடம் இருந்தால் சிமெண்டு பூசியோ புல் பதித்தோ மூடிவிடக் கூடாது. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: இப்பறவை தேனீக்களையும் விட்டுவைக்காது, தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும்.

தட்டான், கும்பிடுபூச்சி, சிலந்தி, பல்லி ஆகியவையும் அவ்வப்போது குளவியைப் பிடிப்பவைதாம். இவற்றைக் குளவிக்காக விலைக்கு வாங்கிவிடுவது வீண்செலவு என்பது என் கருத்து. கும்பிடுபூச்சிக்குக் குளவியும் ஒன்றுதான், வண்ணத்துப்பூச்சியும் ஒன்றுதான். ஒரு சிறு குளம், அடர்ந்த புதர், கலைக்கப்படாத வலைகள் ஆகியவை இருந்தால் அவை தாமாகவே வந்து தங்கும். பூச்சிக்கொல்லி தெளிப்பதை நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனெனில் அந்த நஞ்சு குளவியை மட்டுமன்றி அதைத் தின்னும் தட்டானையும் சிலந்தியையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

கூட்டைத் தாக்குபவற்றுள் தேன்பருந்துக்கு நிகர் இல்லை. அதன் முகத்தில் செதில் போன்ற இறுக்கமான இறகுகள் அடர்ந்திருப்பதால் கொட்டுக்கு அஞ்சாமல் கூட்டைப் பிய்த்தோ தரையைத் தோண்டியோ புழுக்களை உண்கிறது. நிலத்தடிக் கூடுகளைக் கரடி, வளை தோண்டி வாழும் வளைக்கரடி, நாற்றநீரைப் பீய்ச்சும் ஸ்கங்க் போன்ற விலங்குகள் தோண்டித் தின்கின்றன. குளவியினத்துக்குள்ளேயே எதிரிகள் உண்டு. வெஸ்பா டிராபிகா என்னும் கதண்டு, மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டும் காகிதக் குளவிகளின் கூடுகளைத் தேடிச் சென்று புழுக்களைச் சூறையாடுகிறது. எறும்புகளும் அப்படியே. அதனால்தான் காகிதக் குளவிகளில் பல இனங்கள், கூட்டைத் தாங்கும் மெல்லிய காம்பின்மீது எறும்புகளை விரட்டும் சுரப்பு ஒன்றைப் பூசி வைக்கின்றன.

எதிரியை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியூசிலாந்து அதைச் செய்து பார்த்தது. 1945-இல் விமானப் பாகங்கள் வந்த பெட்டிகளோடு அந்நாட்டுக்குள் புகுந்த ஜெர்மன் குளவியையும், பின்னர் 1970-களில் பரவிய மற்றோர் ஐரோப்பியக் குளவியையும் கட்டுப்படுத்த, அவற்றின் கூட்டுக்குள் முட்டையிட்டு இளம் குளவிகளை உண்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றை 1980-களில் விட்டனர். ஒட்டுண்ணி சில இடங்களில் நிலைத்தது. எதிர்பார்த்த அளவுக்குக் குளவிகள் குறையவில்லை. ஒரு நாட்டின் ஆய்வாளர்களுக்கே கைகூடாததை ஒரு தோட்டத்தில் முயல்வதில் பொருளில்லை.

ஆகவே காலத்தைக் கவனிப்பதே பலன் தரும். குளிர்ப்பகுதிகளில் வாழும் சமூகக் குளவிகளின் கூட்டை வசந்த காலத்தில் ஒரே ஒரு ராணி தனியாகத் தொடங்குகிறது. அது இரை தேடப் பறக்கும்போது ஒரு பறவை பிடித்துவிட்டால் அந்தக் கூடே இல்லாமல் போகிறது. ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு பத்துக் குளவிகள் குறைந்தால் எவருக்கும் தெரியாது. எனவே, கொம்பு நடுதல், குளம் அமைத்தல் போன்ற ஏற்பாடுகளைப் பருவம் தொடங்குமுன்பே முடித்துவிட வேண்டும். அதோடு குப்பைத் தொட்டியை இறுக மூடுவதும், கீழே விழுந்து கனிந்த பழங்களை அன்றாடம் பொறுக்குவதும், கூரை இடுக்குகளையும் சுவர் ஓட்டைகளையும் குளவி புகுவதற்கு முன் அடைப்பதும் அவசியம்.

என்றேனும் பருந்தோ விலங்கோ ஒரு கூட்டைச் சிதைத்துவிட்டால், எஞ்சிய குளவிகள் வெகுண்டு அவ்விடத்தைச் சுற்றியே இருக்கும். சில நாட்களுக்குக் குழந்தைகளையும் வளர்ப்பு நாயையும் அப்பக்கம் விடக் கூடாது. சிதறிய அடைத் துண்டுகளை அகற்ற அவசரப்பட வேண்டாம். அவற்றில் மிஞ்சியிருக்கும் புழுக்களை எறும்புகள் எடுத்துச் சென்றுவிடும்.